அட்டாக் வந்து மூன்று மாதம், வலி இல்லை, ஆனால் இ.எஃப். குறைகிறது: இதயத் தசை செல்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது?

பொருநைக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61. பங்குனியில் அட்டாக் வந்தது. ராத்திரி நெஞ்சைப் பிசைந்தபோது வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார், விடிந்த பிறகுதான் எங்களிடமே சொன்னார். இதயத்தின் முன்பக்கம் போகிற எல்.ஏ.டி. குழாயில் முழு அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது எக்கோவில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் வெளியே தள்ளுகிற பங்கு) 45 சதவீதம். இப்போது எடுத்ததில் 38. நெஞ்சு வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, தினமும் காலையில் நடக்கிறார். "அடைப்பைத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு இத்தனை மாத்திரை" என்று ராமிப்ரிலையும் ஸ்பைரனோலாக்டோனையும் அவராகவே நிறுத்திவிட்டார் என்பது போன வாரம்தான் தெரிந்தது.

டாக்டர் 'ரீமாடலிங்' என்று ஒரு வார்த்தை சொன்னார். வெளியே அவ்வளவு கூட்டம், மேலே கேட்க முடியவில்லை. குழாயைத் திறந்து ரத்தம் ஓட ஆரம்பித்த பிறகு தசை ஏன் மோசமாகிறது? நான் விலங்கியல் படித்தவன், செல் அளவில் சொன்னாலும் புரிந்துகொள்வேன். அப்பாவுக்குப் புரிய வைக்க எனக்கு முதலில் புரிய வேண்டும்.

ஸ்லைடு_மீனாட்சி எழுதியது:

தம்பி, முதலில் அந்த மாத்திரைகள் விஷயமாக இன்றைக்கே உங்கள் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அப்புறம் இதைப் படியுங்கள். நான் நோய்க்குறியியல் துறையில் இருக்கிறேன், மாணவர்களுக்கு மாரடைப்பு வந்த இதயத்தின் ஸ்லைடுகளைக் காட்டுவது என் வேலை.

இதயத் தசை செல் ஒன்று ஏறக்குறைய 100 மைக்ரான் நீளம், 20 மைக்ரான் அகலம். உள்ளே சார்கோமியர் என்ற சுருங்கும் அலகுகள் இரண்டு மைக்ரான் இடைவெளியில் வரிசையாக அடுக்கி இருக்கும், செல்லின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மைட்டோகாண்ட்ரியாவே அடைத்துக்கொண்டிருக்கும். ஓய்வே இல்லாத தசை என்பதால் இவ்வளவு. ரத்தம் நின்றால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே அந்தப் பகுதி சுருங்குவதை நிறுத்திவிடும். செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆக்சிஜன் இல்லாமல் கிளைக்கோஜனை உடைத்து கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், லாக்டிக் அமிலம் சேரும், மைட்டோகாண்ட்ரியா வீங்கும். இந்தக் கட்டத்தில் ரத்தம் திரும்பினால் செல் பிழைத்துக்கொள்ளும். 20 முதல் 40 நிமிடம் தாண்டினால் செல்லின் வெளிச்சவ்வு கிழிய ஆரம்பிக்கிறது, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கருமையான திட்டுகள் தெரியும். அந்தத் திட்டுகள் வந்த செல் திரும்பாது.

ஆனால் எல்லா செல்லும் ஒரே நேரத்தில் சாவதில்லை, இதுதான் முக்கியம். ராபர்ட் ஜென்னிங்ஸும் கீத் ரைமரும் 1977ல் நாய்களின் இதயத்தில் ஒரு குழாயைக் கட்டிவிட்டு வெவ்வேறு நேரம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். 40 நிமிடத்தில் திறந்தபோது சுவரின் உள்பக்கத் தசை மட்டும் செத்திருந்தது. நேரம் ஆக ஆக சாவு உள்ளேயிருந்து வெளிப்பக்கம் நோக்கி அலையாகப் பரவியது. உள்சுவரில் அழுத்தம் அதிகம், ரத்தக்குழாயோ வெளிப்பக்கத்திலிருந்து வருகிறது, அதனால் கடைசியில் இருக்கிற உள்பக்கம்தான் முதலில் பட்டினி கிடக்கும். உங்கள் அப்பா விடியும்வரை காத்திருந்த அந்த நேரத்தில் இந்த அலை சுவரின் பெரும்பகுதியைக் கடந்திருக்கும். குறை சொல்வதற்காக எழுதவில்லை, நெஞ்சைப் பிசைவதை வாயு என்று நினைப்பது நம் ஊரில் எவ்வளவு சாதாரணம் என்று எனக்கும் தெரியும்.

நுண்ணோக்கியில் இதன் வரிசை இப்படி. முதல் சில மணி நேரத்தில் சாதாரண சாயத்தில் ஒன்றுமே தெரியாது. அதனால்தான் பிரேதப் பரிசோதனையில் இதயத்தை நறுக்கி டி.டி.சி. கரைசலில் போடுவோம். உயிரோடிருந்த தசை செங்கல் சிவப்பாக மாறும், செத்த தசையில் நொதிகள் கசிந்து போயிருப்பதால் நிறம் ஏறாமல் வெளிறி நிற்கும். அந்த வெளிறிய பகுதியின் ஓரம் எவ்வளவு துல்லியமாக இருக்கும் என்பதை முதல் தடவை பார்க்கிற மாணவர்கள் யாரும் எதிர்பார்ப்பதில்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் போனால் ஓரத்து நார்கள் அலை அலையாக நெளிந்திருக்கும், பக்கத்தில் உயிரோடிருக்கிற தசை ஒவ்வொரு துடிப்பிலும் அவற்றை இழுப்பதால். ஒரு நாளுக்குள் செல்கள் அடர் இளஞ்சிவப்பாகி உட்கரு சுருங்கும். இரண்டு மூன்று நாளில் உட்கருவும் வரிகளும் மறைந்து நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் நிறைந்துவிடும். அப்புறம் மேக்ரோஃபேஜ்கள் வந்து செத்ததை விழுங்கும். மூன்றிலிருந்து ஏழு நாள்வரை சுவர் மிக மென்மையாக இருக்கும், வெடிக்கும் ஆபத்து அப்போதுதான். பத்து நாளில் புதிய நுண்குழாய்களும், தழும்பை நெய்கிற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும், இரண்டு மாதத்தில் வெண்மையான கெட்டித் தழும்பு. தழும்பு என்றால் கொலாஜன். சுவர் கிழியாமல் தாங்கும், சுருங்காது.

ஷிஃப்ட்_சிஸ்டர் எழுதியது:

மீனாட்சி மேடம், ஒரு சந்தேகம். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசிகிற இரண்டு புரதங்களைப் பார்க்கிறோம். ட்ரோபோனின் மூன்று நாலு மணி நேரத்தில் ஏறுகிறது, ஆனால் ஒரு வாரம் பத்து நாள் இறங்குவதில்லை. சி.கே.எம்.பி. இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடுகிறது. ஏன்? நோயாளியின் வீட்டார் "இன்னும் அட்டாக் நடந்துகொண்டிருக்கிறதா" என்று பயந்துபோய்க் கேட்கிறார்கள்.

ஸ்லைடு_மீனாட்சி எழுதியது:

ட்ரோபோனினில் சிறு பங்குதான் செல்லின் திரவத்தில் மிதக்கிறது. சவ்வு கிழிந்ததும் அது உடனே கசியும். மீதி முழுக்க ஆக்டின் இழைமேல் பொருந்தியிருக்கிற கட்டமைப்புப் பகுதி. சார்கோமியரே சிதைந்தால்தான் அது வெளியே வரும், சிதைவது நாள்கணக்கில் நடக்கிறது. வீட்டாரிடம், அன்றைக்குச் செத்த தசை இன்னும் கரைந்துகொண்டிருக்கிறது, புது அட்டாக் என்று அர்த்தமில்லை என்று சொல்லுங்கள். குறைந்து வந்தது மறுபடி ஏறினால்தான் கவலைப்பட வேண்டும்.

பொருநைக்கரையான் எழுதியது:

மேடம், மிக்க நன்றி. டாக்டரிடம் பேசிவிட்டேன், ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்துவிட்டு ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் இரண்டையும் மறுபடி தொடங்கச் சொன்னார்.

ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் செத்த செல்களின் கதை. அவை முதல் நாளே செத்தாகிவிட்டன. 45 சதவீதம் என்பது அவை செத்த பிறகு எடுத்த கணக்குதானே? அப்புறம் 38க்கு இறங்கினது எப்படி? ஸ்டென்ட் மறுபடி அடைத்துக்கொண்டதா என்றும் பார்த்தாகிவிட்டது, நன்றாகத் திறந்திருக்கிறது.

இளங்கோ_உடலியங்கியல் எழுதியது:

இந்தக் கேள்வியைத்தான் நிறையப் பேர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். பதில் பிழைத்த செல்களில் இருக்கிறது. நான் இதயத் தசை செல்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்து ஆராய்கிற கூடத்தில் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடது கீழறையின் சுவரில் ஒரு பகுதி சுருங்காமல் போனதும் முதல் சில வாரங்களில் அந்தப் பகுதி மெலிந்து விரியும். அறை பெரிதாகும். அறையின் ஆரம் கூடினால், அதே ரத்த அழுத்தத்துக்கும் சுவர் தாங்கவேண்டிய இழுவிசை கூடும் (லாப்லாஸ் விதி, பள்ளியில் படித்திருப்பீர்கள்). அந்த இழுவிசை முழுக்க மிச்சமிருக்கிற செல்களின் மேல் விழுகிறது. கூடவே ரத்த அழுத்தம் குறைந்ததாக உடல் நினைத்துக்கொண்டு ஆஞ்சியோடென்சின், நார்அட்ரினலின், ஆல்டோஸ்டீரோன் ஆகிய ஹார்மோன்கள் எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறது.

பிழைத்த செல் இதற்கு என்ன செய்யும்? இதயத் தசை செல்கள் பெரும்பாலும் பிரிந்து பெருகுவதில்லை, அதனால் வளர்கிறது. எப்படி வளர்கிறது என்பதில்தான் எல்லாமே. உயர் ரத்த அழுத்தத்தில் சார்கோமியர்கள் பக்கவாட்டில் சேரும், செல் தடிமனாகும். அட்டாக்குக்குப் பிறகு அறை விரியும்போது சார்கோமியர்கள் ரயிலில் பெட்டி கோர்ப்பது போல ஒன்றன்பின் ஒன்றாக நீளவாக்கில் சேர்கின்றன. மார்ட்டின் கெர்டஸ் குழுவினர் 1992ல், மாற்று அறுவை சிகிச்சையின்போது எடுக்கப்பட்ட செயலிழந்த இதயங்களிலிருந்து செல்களைப் பிரித்து அளந்தார்கள். சாதாரண செல்லைவிட 40 சதவீதம் நீளம், அகலமோ ஏறக்குறைய அதே. ஒவ்வொரு சார்கோமியரின் நீளமும் மாறவில்லை, எண்ணிக்கைதான் கூடியிருந்தது. அதாவது செல் இழுபட்டு நீளவில்லை, புதிதாகக் கட்டிக்கொண்டு நீண்டிருக்கிறது. நீளமான, தடிமன் கூடாத செல்களால் ஆன சுவர் என்றால் பெரிய அறை, தாங்கமுடியாத இழுவிசை. அந்த இழுவிசை மறுபடி நீட்டத் தூண்டும். புதிய அடைப்பு எதுவும் இல்லாமலே 45, 38 ஆவது இப்படித்தான், உங்கள் டாக்டர் சொன்ன 'ரீமாடலிங்' இதுதான். எதுவும் வலிக்காது என்பதுதான் இதில் மோசமான விஷயம். அப்பா வலியில்லை என்கிறார், உண்மைதான், ஆனால் செல் நீள்வதற்கு வலி ஏது?

செல்லின் உள்ளேயும் நிறைய மாறுகிறது. சாதாரண செல்லின் சவ்வு ஒவ்வொரு இரண்டு மைக்ரானுக்கும் ஒருமுறை உள்ளே குழாயாகக் குடைந்து போகும், டி-குழாய்கள் என்போம். மின்தூண்டல் செல்லின் நடுப்பகுதிவரை ஒரே கணத்தில் போய்ச் சேர, கால்சியம் எல்லா இடத்திலும் ஒன்றாக வெளிப்பட அவைதான் காரணம். சவ்வில் ஒட்டுகிற ஒளிரும் சாயம் ஏற்றி கான்ஃபோகல் நுண்ணோக்கியில் வைத்தால் நல்ல செல்லில் வரிவரியாக, ஒழுங்காகத் தெரியும். செயலிழந்த இதயத்தின் செல்லில் வரிகள் நடுநடுவே காணாமல் போயிருக்கும், சில இடங்களில் குழாய்கள் கோணல்மாணலாக நீளவாக்கில் ஓடும். கால்சியம் ஒரு பக்கம் முந்தியும் இன்னொரு பக்கம் பிந்தியும் வரும். ஒரே செல்லின் இரண்டு பாதிகளே சேர்ந்து சுருங்காதபோது இதயம் எப்படி ஒருமித்துச் சுருங்கும்? அந்தப் படங்களை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மனது கனத்துப்போகிறது.

ஹோல்ட்டர்_ஹமீது எழுதியது:

இளங்கோ சார் விட்ட ஒன்றை நான் சேர்க்கிறேன், இ.சி.ஜி., ஹோல்ட்டர் பக்கம் வேலை செய்கிறவன் என்பதால். பக்கத்துப் பக்கத்து செல்களின் முனைகளில் கனெக்சின் 43 என்ற புரதத்தால் ஆன நுண்துளைகள் உண்டு, மின்னோட்டம் செல்லிலிருந்து செல்லுக்குப் போவது அவற்றின் வழியாகத்தான். தழும்பின் ஓரத்தில் பிழைத்திருக்கிற செல்களில் இவை முனைகளை விட்டு பக்கவாட்டுக்கு நகர்ந்துவிடுகின்றன, எண்ணிக்கையும் குறைகிறது. நடுவே கொலாஜன் வேறு ஊடுருவியிருக்கும். மின்னலை நேரே போகாமல் வளைந்து மெதுவாகப் போகும், சில சமயம் சுற்றிவந்து அதே இடத்தை மறுபடி தூண்டும். அட்டாக் வந்து வருடங்கள் கழித்துக்கூட திடீரென்று வெண்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (கீழறையில் கிளம்பும் ஆபத்தான வேகத் துடிப்பு) வருவதற்கு இந்த ஓரம்தான் காரணம். இ.எஃப். 35க்குக் கீழே போனால் ஐ.சி.டி. கருவி (உடலுக்குள் பொருத்தி, அந்தத் துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்வது) பற்றிப் பேசுவது அதனால்தான். அதையும் அட்டாக் வந்த உடனே வைப்பதில்லை, குறைந்தது 40 நாள் பொறுத்து, மருந்தால் தேறுகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

கரிசல்மண் எழுதியது:

இவ்வளவு கஷ்டம் எதற்கு, ஸ்டெம் செல் ஊசி போட்டால் புது தசை வளரும் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். பல லட்சம் கேட்கிறார்கள். பொருநை அண்ணே, விசாரித்துப் பாருங்களேன்.

இளங்கோ_உடலியங்கியல் எழுதியது:

தயவுசெய்து வேண்டாம். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் நகையை அடகு வைத்துவிட்டு இதில் போய் விழுகிற குடும்பங்கள் உண்டு.

2001ல் எலும்பு மஜ்ஜை செல்கள் எலியின் இதயத்தில் தசையாக மாறிவிட்டன என்று ஒரு கட்டுரை வந்தது, பியரோ அன்வெர்சாவின் ஆய்வுக்கூடம். உலகம் முழுக்க நோயாளிகள்மேல் சோதனைகள் தொடங்கின. 2004லேயே வேறு இரண்டு குழுக்கள் செய்து பார்த்து அப்படி மாறவில்லை என்று எழுதிவிட்டன. கடைசியில் 2018ல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியே அந்தக் கூடத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறப் பரிந்துரைத்தது. 

இதயத் தசை செல் புதிதாக உருவாகவே இல்லையா என்றால் உருவாகிறது, மிக மிகக் கொஞ்சம். ஸ்வீடனில் யோனாஸ் ஃபிரிசன் குழு 2009ல் அழகான ஒரு வழி கண்டுபிடித்தது. 1950களின் அணுகுண்டு சோதனைகளால் காற்றில் ஏறிய கார்பன் 14 நம் எல்லோர் டி.என்.ஏ.விலும் பதிந்திருக்கிறது, அதை வைத்து செல்லின் வயதைக் கணக்கிட்டார்கள். 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம் புதுப்பிக்கிறது, 75 வயதில் அரை சதவீதத்துக்கும் கீழே. பெரிய அட்டாக்கில் போவது நூறு கோடி செல்வரை. கணக்கு எட்டவே எட்டாது. வரிக்குதிரை மீன் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் வளர்த்துக்கொள்கிறது, பிறந்து ஒரு நாளான எலிக்குட்டிக்கும் முடிகிறது, ஆனால் ஒரு வாரத்தில் அந்தத் திறன் போய்விடுகிறது. 2019ல் பன்றிகளுக்கு ஒரு நுண் ஆர்.என்.ஏ. கொடுத்து செல்களைப் பிரிய வைத்தார்கள். தழும்பு உண்மையிலேயே சிறிதானது. ஆனால் பிரிதல் நிற்காமல் போய் பெரும்பாலான பன்றிகள் திடீர் துடிப்புக் கோளாறில் இறந்தன. இந்தத் துறையில் நேர்மையான வேலை நடக்கிறது, எனக்கு நம்பிக்கையும் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு விலைக்குக் கிடைக்கிற ஊசி எதுவும் அது இல்லை.

ஆரம்பசுகாதார_பார்மசி எழுதியது:

எங்கள் பக்கமிருந்து ஒரு வார்த்தை. 2023லிருந்து தமிழ்நாட்டில் 'இதயம் காப்போம்' திட்டத்தில் நெஞ்சுவலி என்று வருகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் டோஸ் கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். மீனாட்சி மேடம் சொன்ன அந்த அலை பரவுகிற நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வாயு என்று தோன்றினாலும் வந்து ஒரு இ.சி.ஜி. எடுத்துவிட்டுப் போங்கள், இரவு என்றால் 108ஐ அழையுங்கள். வீண் அலைச்சல் என்று யாரும் திட்டமாட்டோம்.

பொருநைக்கரையான் எழுதியது:

சரி, இளங்கோ சார், செல் நீள்வது புரிகிறது. நீண்டது திரும்பிச் சுருங்குமா? இல்லை, இனி மேலே போகாமல் தடுப்பது மட்டும்தானா? இன்னொன்று, அப்பாவின் நண்பர் ஒருவர் "அட்டாக் வந்தவர்களுக்கு பீட்டா பிளாக்கர் தேவையில்லை என்று புதிய ஆய்வு சொல்லிவிட்டது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருக்கிறார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு, தான் எடுக்கிற பீட்டா பிளாக்கரான மெட்டோப்ரோலாலையும் விடப் பார்க்கிறார்.

டூட்டிடாக்டர்_நிலா எழுதியது:

வணக்கம், இதய மருத்துவத்தில் மேற்படிப்பு முடிக்கப் போகிறேன். அந்த வாட்ஸ்அப் செய்திக்கு முதலில். அது முழுப் பொய் இல்லை, அதனால்தான் ஆபத்து. 2024ல் வந்த ரெட்யூஸ் ஆய்வு, பெரும்பாலும் ஸ்வீடன் நோயாளிகள், ஐயாயிரம் பேர். பீட்டா பிளாக்கரால் பலன் தெரியவில்லை என்றது உண்மை. ஆனால் அதில் சேர்த்தவர்கள் எல்லோருக்கும் இ.எஃப். 50 அல்லது அதற்கு மேல்! தசை காப்பாற்றப்பட்டவர்கள். உங்கள் அப்பாவின் 38க்கு அந்த ஆய்வு எந்தப் பதிலும் சொல்லவில்லை. இந்த ஒரு வரியை அந்த நண்பருக்கும் அனுப்புங்கள், அவர் இன்னும் எத்தனை பேருக்கு அந்தச் செய்தியை அனுப்பியிருக்கிறாரோ.

திரும்புமா என்ற கேள்விக்கு, தழும்பு திரும்பாது. மற்றதில் கணிசமான பங்கு திரும்பலாம். ராமிப்ரில் வகை மருந்துக்கு வழி காட்டியது மார்க் ஃபெஃபர் குழுவின் சேவ் ஆய்வு, 1992, அட்டாக் வந்து இ.எஃப். 40 அல்லது கீழே இருந்த 2,231 பேர். நன்றாகக் கவனியுங்கள், இவர்களுக்கு அப்போது இதயச் செயலிழப்பின் வெளிப்படையான அறிகுறி எதுவும் இல்லை, உங்கள் அப்பாவைப் போலத்தான். அதே வகையைச் சேர்ந்த கேப்டோப்ரில் எடுத்தவர்களில் இறப்பு 19 சதவீதம் குறைந்தது. (அந்த மருந்துக் குடும்பத்தின் தொடக்கம் பிரேசிலின் ஜராரக்கா விரியன் பாம்பின் விஷத்தில். எனக்கு மிகப் பிடித்த விஷயம், அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) ஆஞ்சியோடென்சினைக் குறைத்தால் சுவரின் சுமையும் குறையும், செல்லை நீட்டச் சொல்லும் கட்டளையும் குறையும். ஸ்பைரனோலாக்டோன் ஆல்டோஸ்டீரோனைத் தடுப்பதால் தழும்புக்கு வெளியே, நல்ல தசைக்கு நடுவே கொலாஜன் படிவது குறையும். இதில் எதையும் நோயாளி உணரமாட்டார் என்பதால்தான் முதலில் விடுவது இந்த இரண்டைத்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. சுருங்காத தசை எல்லாம் செத்த தசை இல்லை. குழாய் திறந்த பிறகும் சில நாளோ சில வாரமோ திகைத்து நிற்கிற தசை உண்டு, பிரான்வால்டும் க்ளோனரும் 1982ல் விவரித்தது, அது தானாகத் தேறும். இன்னொரு வகை, நீண்டநாள் ரத்தக் குறைவில் இருந்து, சார்கோமியர்களைப் பாதி கழற்றிவிட்டு அந்த இடத்தில் கிளைக்கோஜனைச் சேர்த்துக்கொண்டு வேலையைக் குறைத்துக்கொண்ட செல்கள். நுண்ணோக்கியில் நடுப்பகுதி வெறிச்சென்று இருக்கும், ஓரத்தில் மட்டும் வரிகள். உயிர் இருக்கிறது. கேடோலினியம் மருந்து ஏற்றி எடுக்கிற எம்.ஆர்.ஐ.யில் எது தழும்பு, எது இப்படி உறங்குகிற தசை என்று பிரித்துப் பார்க்கலாம். ஆனால் உறங்குகிற தசை இருந்தாலே இன்னொரு ஸ்டென்ட் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். 2022ல் பிரிட்டனில் 700 பேரிடம் செய்த ரிவைவ்டு ஆய்வில், நல்ல மருந்தோடு ஸ்டென்ட் சேர்த்தும் இறப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை.

ஸ்லைடு_மீனாட்சி எழுதியது:

நிலா சொன்னதோடு ஒன்று. ரத்தம் திரும்பும்போதே கொஞ்சம் சேதம் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். பட்டினியில் கிடந்த செல்லுக்குள் திடீரென்று கால்சியம் புகுந்து சார்கோமியர்கள் எல்லாம் ஒரேயடியாக இறுகி, ஸ்லைடில் தடித்த இளஞ்சிவப்புப் பட்டைகளாகத் தெரியும். அதற்காகக் குழாயைத் திறக்காமல் இருக்க முடியுமா, முடியாது. திறந்தால் இழப்பது கொஞ்சம், திறக்காவிட்டால் இழப்பது சுவர் முழுக்க.

பொருநைக்கரையான் எழுதியது:

நேற்று ராத்திரி அப்பாவை உட்கார வைத்து இளங்கோ சார் எழுதியதை வாசித்துக் காட்டினேன். செல் நீள்வதை ஒரு தாளில் வரைந்தும் காட்டினேன். "வலிக்காமலே இவ்வளவு நடக்குமா" என்று இரண்டு தடவை கேட்டார். மெட்டோப்ரோலாலை விடவில்லை. பொட்டாசியம் சரியாக இருக்கிறது, மற்ற இரண்டையும் இன்று காலை போட்டுக்கொண்டார். அடுத்த எக்கோவில் இ.எஃப். தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும்?

டூட்டிடாக்டர்_நிலா எழுதியது:

ரொம்ப சந்தோஷம். அறிக்கையில் இ.எஃப்.க்கு மேலேயே இரண்டு கொள்ளளவு எண்கள் இருக்கும், இதயம் விரிந்த நிலையில் ஒன்று, சுருங்கிய நிலையில் ஒன்று. சுருங்கிய நிலைக் கொள்ளளவைக் குறித்து வையுங்கள். அட்டாக்குக்குப் பிறகு யார் நெடுநாள் இருப்பார்கள் என்பதை இ.எஃப்.ஐவிட அதுதான் நன்றாகச் சொல்கிறது என்று ஹார்வி வைட் 1987லேயே காட்டியிருக்கிறார். மூன்று எக்கோ அறிக்கைகளையும் ஒரே உறையில் போட்டு எடுத்துப்போங்கள், முடிந்தால் அதே இடத்தில் எடுங்கள், ஏனென்றால் ஆளுக்கு ஆள் அளப்பதில் நாலைந்து சதவீதம் முன்பின் வரும். டாக்டரிடம் டாபாக்லிஃப்ளோசின் வகை மருந்து அப்பாவுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். ஸ்பைரனோலாக்டோன் மறுபடி தொடங்கியதால் ஒரு வாரத்தில் பொட்டாசியம் இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள், பொட்டாசியம் நிறைந்த இளநீரும் இப்போதைக்குக் குறைவாகவே குடிக்கட்டும்.